சங்கிலி போட்டாயா?

எங்கள் கோபாலபுரத்து வீட்டில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. கட்டை விரல் கனம். அரைச் சாண் நீளம். பால் கணக்கும் கல்யாணப் பத்திரிகைகளும் ஃபேன் காற்றில் பறக்காமல் காப்பது அதன் உத்தியோகம். அதன் ஒரு முனையில், நட்ட நடுவில், ஒரு சின்னத் துவாரம். மருமகளாக வந்த புதிதில் அதில் நான் ஊதுவத்திகூடச் செருகி வைத்திருக்கிறேன். அந்தத் துவாரம் எதற்கு என்று போன மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

என் பிள்ளைக்கு வேலை கிடைத்தது. மின்சார நிலையங்களில் பெரிய பெரிய பாய்லர்களைப் பழுது பார்க்கும் கம்பெனி. அக்கம் பக்கமெல்லாம் நான் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தேன். மாமனார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் வட சென்னையில் ஒரு பட்டறையில் பாய்லர் ஃபிட்டராக இருந்தவர். வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். "சின்ன வயசிலே விழுந்தது" என்று சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் அலமாரி மாட்டுகிறேன் என்று பிள்ளை டிரில் மிஷினும் கையுமாக ஸ்டூல் மேல் ஏறினான். ஒரு கையில் மிஷின், மறு கையில் மொபைல். கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது பாருங்கள்!

"இறங்குடா கீழே!"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த நானே நடுங்கிப் போனேன்.

"சுவரிலே ஒரு ஓட்டைதானே, தாத்தா?"

"நாளைக்கு பாய்லரிலேயும் ஒரு ஓட்டைதானே என்பாய்" என்றார் மாமனார். மேஜையிலிருந்த இரும்புத் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "இது என்ன, சொல்லு பார்ப்போம்."

அவன் விழித்தான். நானும்தான்.

ரயில் எஞ்சின் பாய்லரில் நெருப்பு எரியும் பெட்டி உள்ளே, அதைச் சுற்றி இன்னொரு தகடு, நடுவில் தண்ணீர். இரண்டு தகடுகளையும் ஆவி பிளந்து தள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான 'ஸ்டே' போல்ட்டுகள். அவற்றில் ஒன்றுதான் எங்கள் ஊதுவத்தி ஸ்டாண்டு! போல்ட் உள்ளுக்குள் முறிந்தால் அந்தத் துவாரம் வழியாக ஆவி சீறிக் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

நம் குக்கரில் ஆவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு. 1947-ல் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ. பி. எஞ்சினில் அது 210 பவுண்டு. பாய்லர்களுக்கென்று 1923-லேயே தனிச் சட்டம் போட்டதும், 2025-ல் அதற்குப் பதில் புதுச் சட்டம் கொண்டு வந்ததும் சும்மா இல்லை.

"முறிந்த போல்ட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் நடு மையத்தில் பஞ்ச் அடி. அப்புறம் சின்ன பிட், அப்புறம் பெரிசு. கடைசி பிட்கூட மரையின் அடிச் சுற்றைவிடச் சின்னதாகவே இருக்க வேண்டும். மையம் தவறினால் போல்ட்டோடு தகடும் பாழ். பிட் பெரிதாக ஆக, வேகம் குறைய வேண்டும். இரண்டு வெட்டு முனையும் சமமாகத் தீட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துவாரம் அகன்று போகும்."

"நாங்கள் காந்த மிஷின் வைத்திருக்கிறோம், தாத்தா. இரும்பிலே உடும்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும்."

"வளைந்த தகட்டிலே? துருவும் பெயிண்டும் ஏறின இடத்திலே? சரி, கரண்டு போனால்?"

பிள்ளை பதில் சொல்லவில்லை. கரண்டு போவது என்றால் என்ன என்று சென்னைவாசிகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மின்சாரக் காந்தத்தின் பிடிப்பெல்லாம் கரண்டு இருக்கும் வரைதான்.

"அதற்குத்தான் சங்கிலி. காந்தம் கைவிட்டாலும் சங்கிலி கைவிடாது. கை மிஷின் என்றால் பக்கப் பிடியை மாட்டு. இரண்டு கையாலும் பிடி. பிட் மறுபுறம் வெளிவரும் சமயம்தான் அபாயம். அங்கே சட்டென்று கடித்துக்கொள்ளும். பிட் நின்றுவிடும், மிஷின் சுற்றும். சுற்றுகிற பிட் பக்கத்திலே கையுறை கூடாது. துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு வலது கையை நீட்டினார்.

"நான் சின்ன வயசிலே விழவில்லையடா. பக்கப் பிடி மாட்ட அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தேன்."

என் கண் கலங்கிவிட்டது. "இந்த வேலையே வேண்டாம், மாமா! நீங்களே சொல்லி நிறுத்துங்கள்" என்றேன்.

"ஏன் வேண்டாம்? பயப்பட்டு ஒதுங்கினால் யார்தான் செய்கிறது? மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீராவி ரயிலுக்குப் பொன்மலையிலே 2011-லிருந்து புது எஞ்சின்களே செய்து கொடுத்தார்களே, அவர்களுக்கும் வீட்டில் அம்மா உண்டு. போகட்டும், அம்மா. பயத்தோடு போக வேண்டாம், ஜாக்கிரதையோடு போகட்டும்."

பிள்ளை மொபைலைக் கீழே வைத்தான். பிட்டைக் கழற்றி, செங்கல் சுவருக்கு ஏற்ற பிட்டைத் தேடி எடுத்தான். சக்கின் மூன்று துவாரங்களிலும் சாவி போட்டு இறுக்கினான். பக்கப் பிடியை மாட்டினான். அலமாரி இன்று அசையாமல் நிற்கிறது.

வேலைக்குப் புறப்பட்ட அன்று மாமனார் அந்த இரும்புத் துண்டை அவன் பையில் போட்டுவிட்டார். எங்கள் வீட்டுக் காகிதங்கள் இப்போது சுதந்திரமாகப் பறக்கின்றன.

ராத்திரி பிள்ளை போன் செய்கிறான். "சாப்பிட்டாயா?" என்றுதான் எல்லா அம்மாக்களையும் போல நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அது என் இரண்டாவது கேள்வி.