கம்ப்யூட்டர் வாசலுக்கு ஒரு படல்

ஆட்டுப்பட்டிக்கு நம்ம பக்கத்தில் யாரும் இரும்புக் கேட் போடுவதில்லை. மூங்கில் படல் ஒன்று போதும், ஒற்றைக் கையில் தூக்கி வைத்துவிடலாம். கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும் என்று போன வாரம் செய்து பார்த்ததில் தெரிந்தது.

வீட்டில் இருப்பது 2 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப். டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. க்னோம் கனமாக இருக்கிறதென்று எக்ஸ்எஃப்சிஇ-க்கு எப்பவோ மாறியாச்சு. ஆனாலும் சுவிட்சைப் போட்டு, பேரும் கடவுச்சொல்லும் கேட்கிற திரை வருவதற்குள் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம். உள்வீட்டை மாற்றினோமே தவிர, வாசலில் நின்றது க்னோமுடைய ஜிடிஎம்3. அந்த ஒரு திரையைக் காட்டவே அது க்னோம் ஷெல்லைச் சுமந்துகொண்டு வரும்.

சிரமப்பட்டது வீட்டுக்காரிதான். பால் கணக்கும் தீவனக் கணக்கும் அவளுடையது. சொசைட்டியில் பணம் போடும்போது லிட்டருக்கு லிட்டர் ஒத்துப் பார்ப்பாள். கம்ப்யூட்டரில் இருந்ததோ என் பேர் மட்டும். "ஏனுங்க, மாட்டைக் கறக்கறது நானு. கணக்கு எழுத மட்டும் உங்க பேர்லதான் போகோணுமா?" என்றாள். நியாயம்தானே.

முதலில் அவளுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கினேன். பிறகு லைட்-டிஎம். இது இலகுவான நுழைவு மேலாளர். உபுண்டு 2011-ல் வந்த 11.10 பதிப்பிலிருந்து பல வருஷம் இதைத்தான் வாசலில் நிறுத்தியிருந்தது. டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, லைட்-டிஎம் பேரைக் கொடுத்தால் இறங்கிவிடும். நடுவில் ஒரு பெட்டி வந்து, "ஜிடிஎம்3 வேணுமா, லைட்-டிஎம் வேணுமா?" என்று கேட்கும். லைட்-டிஎம்மைத் தேர்ந்தெடுத்து, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க.

டெபியனில் இது பயனர் பட்டியலை மறைத்தே வைத்திருக்கும். பேரைத் தட்டச்சு செய்யணும். நம்ம வீட்டுக்கு அது ஒத்துவராது. இடிசி அடைவுக்குள் லைட்-டிஎம் அடைவு, அதில் கான்ஃப் கோப்பு இருக்கும். சூடோ போட்டு நானோவில் திறந்து, சீட் பகுதியில் 'கிரீட்டர் ஹைடு யூசர்ஸ்' வரியைத் தேடுங்க. முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்து, மதிப்பு 'ஃபால்ஸ்' என்று இருக்கட்டும்.

அடுத்து ஒரு வில்லங்கம். அவள் வைத்த கடவுச்சொல் முழுக்க எண்கள். வலதுபக்க எண் பலகையில் அடித்தால் ஏற்கவே இல்லை. நுழைவுத் திரையில் நம் லாக் அணைந்து கிடந்தது. நம்லாக்எக்ஸ் என்ற சின்ன நிரலை நிறுவி, அதே சீட் பகுதியில் 'கிரீட்டர் செட்டப் ஸ்கிரிப்ட்' வரியில் அதன் முழுப் பாதையையும், ஓர் இடம் விட்டு 'ஆன்' என்பதையும் எழுதினேன். சரியாச்சு.

கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடுகிற 'ஆட்டோ லாகின்' வசதியும் இதில் உண்டு. ஒரே ஆள் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் வைத்துக்கொள்ளலாம். நான் வைக்கவில்லை. அவள் கணக்கு அவள் கையிலேயே இருக்கட்டும். அந்த எண் என்னன்னு நானும் கேட்டுக்கலை.

ஹார்ட் டிஸ்க் பழசு என்பதால் மெஷின் கிளம்புகிற நேரம் பெரிதாக மாறவில்லை. நுழைவுத் திரை மட்டும் முன்னைவிட வெரசா வந்துவிடுகிறது. சாயங்காலக் கறவை முடிந்து கை கழுவியதும், அன்றைக்குப் பால் எத்தனை லிட்டர் என்று உடனே ஏற்றிவிடுகிறாள். நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஏற்றுகிற வேலை நின்றுபோச்சு.

நீங்க செய்து பார்க்கையில் திரை கறுப்பாக நின்றால் பதற வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து, சூடோவோடு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளைக்கு ஜிடிஎம்3 பேரைக் கொடுத்தால் பழைய பெட்டி மறுபடி வந்து கேட்கும். பழைய கேட்டையே மாட்டிக்கொள்ளலாம். அதனால் ஜிடிஎம்3-ஐ உடனே அழித்துவிடாதீங்க. ஒரு வாரமாவது ஓரமாகக் கிடக்கட்டும்.