யாரும் வாங்க வராவிட்டால்?

“அந்த எண்ணெய்க் கம்பெனியைப் பெரிய இடம் ஒன்று வாங்கப் போகுதாம்.” பங்குச் சந்தைப் பேச்சில் இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பும் உறவினர்கள் எனக்கு உண்டு. சென்ற மாதம் என் தம்பியும் அந்த வரிசையில் சேர்ந்தான். வீட்டு முன்பணத்துக்காக ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த 40,000 ரிங்கிட்டை, புலனக் குழுவில் வந்த துப்பை நம்பிச் சின்ன எண்ணெய் நிறுவனம் ஒன்றில் போட நினைத்தான்.

“அக்கா, பெட்ரோனாஸ் கனடாவுல புரோகிரஸ் எனர்ஜியை வாங்கினப்ப பங்கு வச்சிருந்தவங்களுக்கு எவ்வளவு லாபம் தெரியுமா?”

அவன் சொன்னது உண்மைதான். 2012 ஜூனில் பெட்ரோனாஸ் பங்குக்கு 20.45 கனடிய டாலர் தருவதாக அறிவித்தது. அது முந்தைய நாள் விலையைவிட 77 விழுக்காடு அதிகம். அடுத்த மாதமே அதை 22 டாலராக உயர்த்தியது. ஆனால், கதையின் மறுபாதியையும் நான் தம்பிக்குச் சொன்னேன். அக்டோபரில் கனடிய அரசாங்கம் அந்த விற்பனைக்கு அனுமதி மறுத்தது. பங்கு ஒரே நாளில் சுமார் 9 விழுக்காடு சரிந்தது. டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அறிவிப்புக்குப் பிறகு நுழைந்தவர்களுக்கு மிஞ்சியிருந்த லாபம் கொஞ்சம்; அவர்கள் சுமந்த ஆபத்தோ பெரிது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்ரோனாஸ் திடீரென்று வந்து கதவைத் தட்டவில்லை. 2011-லேயே புரோகிரஸுடன் எரிவாயு வயல்களில் கூட்டுச் சேர்ந்திருந்தது. சிங்கப்பூரில் அலுவலகம் வைத்திருந்த இன்டர்ஆயில் கதையும் அப்படித்தான். பாப்புவா நியூ கினியில் அந்நிறுவனம் கண்டுபிடித்த எரிவாயுவுக்காக 2016-இல் ஆயில் சர்ச்சும் எக்ஸான்மோபிலும் போட்டி போட்டன. இரண்டும் ஏற்கெனவே அதே நாட்டில் எரிவாயுத் திட்டம் நடத்தியவை. வென்ற எக்ஸான்மோபில்கூட முழு விலையையும் முதலிலேயே தரவில்லை. வயலில் உள்ள வாயு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கூடுதல் தொகை என்று நிபந்தனை வைத்தது. நிலத்துக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் கணக்கை எக்ஸான்மோபிலே அப்படியே நம்பிவிடவில்லை.

அதனால் நாங்கள் இருவரும் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கணக்கு கடினமானதல்ல. எடுத்துக்காட்டாக, 1,000 மில்லியன் பங்குகள், ஒன்று 50 சென் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 500 மில்லியன் ரிங்கிட். அதோடு 300 மில்லியன் கடனைக் கூட்டி, கையிலுள்ள 100 மில்லியனைக் கழித்தால் 700 மில்லியன். வாங்க வருபவர் உண்மையில் ஏற்கும் விலை இதுதான். உறுதியான இருப்பும் ஓரளவு நம்பத்தக்க இருப்பும் சேர்ந்து 20 மில்லியன் பீப்பாய் என்றால், பீப்பாய்க்கு 35 ரிங்கிட் ஆகிறது. அதே வட்டாரத்தில் அண்மையில் கைமாறிய வயல்கள் என்ன விலைக்குப் போயின என்று ஒப்பிட வேண்டும். அதைவிட இது அதிகமென்றால், “யாரோ வருவார்கள்” என்ற நம்பிக்கைக்கும் நாம் சேர்த்தே காசு கொடுக்கிறோம்.

பிறகு பொடி எழுத்துகளுக்குப் போனோம். நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி எண்ணெய் வளம் பெட்ரோனாஸின் உடைமை. மற்ற நிறுவனங்கள் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் வேலை செய்கின்றன. ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? வற்றிய கிணறுகளை மூடும் செலவு யார் தலையில்? பெரும்பங்கு ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் அவர்கள் விற்கச் சம்மதிப்பார்களா? மலேசிய விதிப்படி ஒருவர் 33 விழுக்காட்டைத் தாண்டினால் மற்றவர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும். ஐம்பதுக்கு மேல் ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்தால், அவர் தலையசைக்காமல் எந்த விற்பனையும் நடக்காது.

அந்தத் துப்பில் ஒரு வேடிக்கையும் உண்டு. அது பொய்யென்றால் பணம் போகும். உள்ளிருந்து கசிந்த உண்மையென்றால், அதைத் தெரிந்துகொண்டே பங்கு வாங்குவது 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைச் சட்டப்படி குற்றம்.

கடைசியாகத் தம்பியிடம் ஒரே கேள்வி கேட்டேன். “யாருமே வாங்க வரலைன்னா, இந்தக் கம்பெனி பத்து வருஷம் தன் காலிலேயே நிற்குமா? அப்பவும் இந்தப் பங்கை வச்சிருப்பியா?” எண்ணெய் விலை சரிந்தால் கடனுக்கு வட்டி கட்டக்கூட அந்நிறுவனம் திணறும் என்பதை அவனே அறிக்கையில் விரல் வைத்துக் காட்டினான்.

சின்ன எரிசக்திப் பங்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் குறைவாக, நல்ல வயலோடு, பக்கத்து வயலில் பணபலமுள்ள நிறுவனம் இருக்கும்படி அமைந்த பங்கு, மலிவாகவும் கிடைத்தால் வாங்கலாம். யாரும் வராவிட்டாலும் கிணறு சம்பாதித்துக் கொடுக்கும். வந்தால் அது போனஸ். ஆனால், வீட்டு முன்பணம் அதற்கான பணமல்ல.

40,000 ரிங்கிட் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தம்பி அந்தக் கேள்விகளைப் புலனக் குழுவில் போட்டிருக்கிறான். துப்பு கொடுத்தவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.