வயது முதிர்ந்த விருந்தாளி

கிளியனூர்ப் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில், சென்ற தவக்காலத்திலிருந்து பெரிய கிழ நாய் ஒன்று குடியிருந்து வருகிறது. குருவானவர் எழுதத்தக்க பொருளா இது என்று வாசக அன்பர் சிலர் எண்ணக்கூடும். எம் பங்கு மக்களிலும் பலர் அவ்வாறே எண்ணினர். நேரில் கேட்டவரும் உண்டு. அவர்களுக்கு அன்று சொல்ல இயலாமற்போன மறுமொழியை இங்கு எழுத முற்படுகிறேன்.

கோயில் உண்டியலைக் கள்வர் இருமுறை உடைத்தபின், நல்ல காவல் நாய் வேண்டுமென்று உபதேசியார் வற்புறுத்தி வந்தார். அவ்வேளையில், நோயுற்றிருந்த குரு நண்பர் ஒருவரைக் காணச் சென்னை செல்ல நேர்ந்தது. விலை கொடுத்துக் குட்டி வாங்குவதினும் கைவிடப்பட்ட ஒன்றை ஏற்பது நலம் எனக் கருதி, கிண்டியிலுள்ள புளூ கிராஸ் காப்பகத்திற்குச் சென்றேன். 1959-ஆம் ஆண்டு பெருமழையில், வெள்ளம் சூழ்ந்த வீதியில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் சுந்தரம் தூக்கி வந்தார். அதிலிருந்து பிறந்த அமைப்பு இது. தெருநாய்களைக் கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யலாமென்று 1964-லேயே இவர்கள் எடுத்துரைத்தனர். சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடைமுறைப்படுத்தியது 1996-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே விண்ணப்பத்தைச் சுமந்து நின்ற அப்பொறுமை, செபத்தில் விரைவில் சலித்துவிடும் நம்மவர்க்கு ஒரு பாடமாகலாம்.

குட்டிகள் இருந்த பக்கம் கூட்டம் நின்றது. சற்றுத் தள்ளி, சுவரோரம் ஒரு வெள்ளை உருவம் முகத்தை முன்னங்கால்களில் வைத்துக் கிடந்தது. இராஜபாளையம் இனம். 2005 சனவரியில் நம் அஞ்சல் துறை அஞ்சல்தலையில் பொறித்துச் சிறப்பித்த அதே இனந்தான். ஏதோவொரு பண்ணை வீட்டில் காவலுக்குக் கட்டி வைத்திருந்து, பின்னங்கால்கள் தளர்ந்ததும் சாலையில் விட்டுச் சென்றிருக்கின்றனர். பற்களைக் கண்டு வயது ஒன்பது இருக்கலாம் என்றார் அங்கிருந்த பணியாளர். சிறு நாய்களைவிடப் பெரிய நாய்கள் விரைவில் மூப்படைவதால், அது நம்மில் முதியவருக்கு ஒப்பு. காதும் கேளாது. பால்வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது இவ்வினத்தில் மிகுதியாம். காவல் நாய் தேடிப் போனவன், கள்வன் கதவை உடைத்தாலும் கேட்காத நாயோடு திண்டிவனம் வழியாக ஊர் திரும்பினேன். உபதேசியார் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பழக்கம் பிடிபடச் சில காலமாயிற்று. பெயர் சொல்லி அழைத்துப் பயனில்லை. முன்புறமாகச் சென்று கை காட்ட வேண்டும். உறங்கும்போது தொடலாகாது. திடுக்கிட்டு எழுந்தால் சாதுவான நாயும் கடித்துவிடக்கூடும். சற்றுத் தொலைவில் நின்று தரையில் காலைத் தட்டினால் அதிர்வு அறிந்து விழிக்கும். இதனைப் பீடச் சிறுவர்களுக்கு முதல் நாளே கற்பித்தேன். மறைக்கல்வியைவிட விரைவாகக் கற்றனர். பருத்த உடல் வெறுந்தரையில் அழுந்துவதால் முழங்கையில் புண் வரும் என்றும், தடித்த விரிப்பு இட வேண்டுமென்றும் கால்நடை மருத்துவர் கூறினார். வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். சோற்றோடு நாளும் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார்.

அந்த முட்டையில்தான் வந்தது வினை.

மரக்காணம் உப்பளங்களில் நாற்பது ஆண்டுகளாக உப்பு வாரி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எம் பங்கில் உண்டு. பிள்ளைகள் வெளியூர்களில், தனிக் குடிசை. ஒரு நாள் திருப்பலி முடிந்து தாழ்வாரத்தைக் கடந்தவர், நாயின் தட்டைக் கண்டு நின்றார். "நாய்க்குத் தெனம் முட்டையா சாமி?" என்றார். கோபமில்லை, வியப்புத்தான். "நான் தின்னு ஆறு மாசம் இருக்கும்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தோபித்து நூலை நினைத்துக்கொண்டேன். தோபியாவும் வானதூதர் இரபேலும் நடந்த வழியில் ஒரு நாயும் உடன் செல்கிறது. அதற்குப் பெயரில்லை, செய்யும் வேலையும் இல்லை. ஆயினும் விவிலியம் அதை இருமுறை குறிக்கிறது. அது எனக்குச் சாதகமான சாட்சி. ஆனால் 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்தபோது அவ்வளவு எளிதாகத் தப்ப முடியவில்லை. விலங்குகளுக்கு இரக்கம் காட்ட மனிதர் கடமைப்பட்டவர் என்கிறது 2416-ஆம் எண். அவற்றைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே முரண் என்கிறது 2418. அதே எண், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. 'முதலில்' என்ற அச்சொல்லை எத்தனை முறை படித்தேனோ, அறியேன்.

நாயைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் எண்ணினேன். அனுப்பினால் அந்த முட்டை மூதாட்டியின் குடிசைக்குப் போய்ச் சேருமா? போகாது. நாய் வருமுன் அவ்வாறு போனதில்லையே! அவரது குடிசைப் படியை நான் மிதித்து எட்டு மாதமாகியிருந்தது. பங்கின் கணக்கு ஏட்டில் மெழுகுவர்த்திக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கங்கள் உண்டு. தனித்து வாழும் முதியோருக்கென ஒரு வரியும் இல்லை. இத்தனை ஆண்டுகள் என் கண்ணில் படாத அக்குறையைக் காட்ட, தட்டில் கிடந்த ஒரு முட்டை தேவைப்பட்டது.

இப்போது சனிக்கிழமைதோறும் முட்டை வாங்கியதும் முதலில் அவரிடம் செல்கிறேன். அவரைப் போன்று தனித்திருப்போர் இன்னும் ஐவர் இருப்பது அவர் சொல்லியே தெரிந்தது. பிள்ளைகளுக்கு இருவர் சார்பில் கடிதமும் எழுதிவிட்டேன். நாயின் செலவு என் சொந்தப் படியிலிருந்து போகிறது. ஏலக்காய்த் தேநீரை விட்டேன் என்று சொன்னால் தியாகம் போல் தோன்றும், ஆகவே அதை விரித்துரைக்கவில்லை.

மழைக்காலம் நெருங்குகிறது. உப்பளங்களில் வேலை ஓயும் காலம். நாய்க்கு எழுந்து நிற்கவே நேரமாகிறது. இன்னொரு கோடையை அது காணுமோ, தெரியாது. சென்ற வாரம் விரிப்புக்கென யாரோ கொடுத்த பழைய உப்புச் சாக்குகளைத் தாழ்வாரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திருப்பலிக்கு வந்த மூதாட்டி பார்த்துவிட்டு, "உப்புச் சாக்கு போடாத சாமி, மழையில ஈரம் இழுக்கும், புண்ணுல எரியும்" என்றார். மாலையில் இரண்டு நெல்லுச் சாக்குகளை உதறி மடித்துத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். நாய் உறங்கிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நின்று, காலால் தரையைத் தட்டினார்.