ஏறின கியரில் இறங்கு

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரிகளில் எது கியரில் வருகிறது, எது நியூட்ரலில் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். கியரில் வரும் வண்டி உறுமிக்கொண்டு வரும். நியூட்ரலில் வருவதற்கு டயர் ஓசையும் பிரேக்கின் கிறீச்சும்தான். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள அந்த இறக்கத்தில் விபத்து என்றால், செய்தியில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு அந்த வரி போதாது.

டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர் நியூட்ரலில் விடுகிறார். எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் பாரம் முழுக்க பிரேக் லைனிங்கின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் கொதிக்கும். சூடேறிய லைனிங் பிடிப்பு இழக்கும். காற்றும் இருக்கும், பெடலும் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். கம்ப்ரசரும் நின்றுபோய், டேங்கில் மிஞ்சிய காற்றுதான் கையிருப்பு; ஸ்டியரிங் கல்லாகிவிடும். இத்தனைக்கும் டீசல் மிச்சமாவதில்லை. இன்றைய எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மைலேஜ் காட்டினால் ஓனர் தரும் ஊக்கத்தொகையைத்தான் நம்புகிறார்கள்.

‘ஏறின கியரில் இறங்கு’ என்பது பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொன்ன பாடம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரித் தொழிலுக்கு டிரைவர்கள் அப்படித்தான் உருவானார்கள். தார்ப்பாய் கட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுத்து, திட்டும் வாங்கி, சில வருஷம் போனபின் ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங் கைக்கு வரும். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் பெயருக்கு; பலர் பள்ளியை விட்டு வந்த சிறுவர்கள்; லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினார்கள். ஆனால் அதே மலையில் இன்னொருவர் இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருந்தார்கள். வாடகை கட்டுப்படியாகாதபோது ஓனர்கள் முதலில் வெட்டியது அந்த இரண்டாவது ஆளைத்தான். இன்று ‘டிரைவர் கிடைக்கவில்லை’ என்று புலம்புகிறவர்கள், டிரைவர் விளைந்த இருக்கையைத் தாங்களே காலி செய்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியவை பயிற்சிப் பள்ளிகள். கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி மையங்கள் குறைவு. மற்ற இடங்களில் காலி வண்டி, சமதரை, கொஞ்சம் ரிவர்ஸ், அவ்வளவுதான். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. பையன் கற்றுக்கொள்வது என்னவோ காலி வண்டியில். லோடோடு முதன்முதலாக அவன் மலை இறங்கும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளின் சென்சார், புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் போன்ற சமாச்சாரங்கள் தனிக் கதை. அவற்றைப் புத்தகம் பார்த்தாவது சொல்லிவிடலாம்.

இறக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. மணல் மூட்டை ஏற்றிய வண்டியைக் கணவாய்க்கு மேலேயே ஓரங்கட்டச் சொல்வேன். ஏர் மீட்டரைப் பார்க்கவேண்டும். கியரை அங்கேயே குறைக்கவேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடவேண்டும். கீழே வந்ததும் டிரம் பக்கம் கையை நீட்டி, தொடாமல், சூட்டைப் பார்க்கச் சொல்வேன். இதற்கு ஆகும் டீசல் பயிற்சிக் கட்டணத்தில் அடங்காது. ஓனர்கள் முறை வைத்து மாதம் ஒரு நாள் லோடு வண்டி ஒன்றைத் தரட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்த பதில், ‘சீசன் முடியட்டும்.’