புனிதப் பயணமும் இதயத்தின் வலிமையும்

ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்ளும். இஹ்ராம் துணி வாங்குவதும், துஆக்களை மனனம் செய்வதும், கடன்களைத் தீர்ப்பதும், உறவினரிடம் மன்னிப்புக் கேட்பதுமாக நாட்கள் விரையும். உடலைத் தயார்செய்வது மட்டும் மறந்துபோகும்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். தவாஃப், மினா, அரஃபாத் என்று நடை தொடரும். வெயிலும் நெரிசலும் உடன் சேரும். நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்து வியாபாரம் செய்த இதயம் இதற்கெல்லாம் திடீரென்று ஈடுகொடுக்க வேண்டும்.

எங்கள் அத்தா அப்படிப்பட்டவர்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகு, மாடிப்படி ஏறினால் மார்பில் ஓர் இறுக்கம். "வாயுதான்" என்று இஞ்சிக் கஷாயம் குடித்துச் சமாளித்தார்கள். பயணம் தடைப்பட்டுவிடுமோ என்ற அச்சம் வாயை அடைத்துவிட்டது. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவதை அம்மாதான் கவனித்து, மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள்.

உழைப்பு கூடும்போது இதயத் தசை மிகுதியான பிராணவாயுவைக் கேட்கிறது என்று மருத்துவர் விளக்கினார். இரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் கேட்டது கிடைப்பதில்லை. வலி அதன் முறையீடு. ஓய்வெடுத்தால் அது அடங்கிவிடும். குழாய் முற்றிலும் அடைபட்டாலோ, அரை மணி நேரத்திலேயே தசைச் செல்கள் மடியத் தொடங்கும். உட்பக்கத்தில் தொடங்கும் அழிவு சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் வரை பரவும். மடிந்த இடத்தில் தழும்பே எஞ்சும். 2009-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, 25 வயதில்கூட ஆண்டுக்கு நூற்றில் 1 இதயத் தசைச் செல்தான் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை.

இதனால் உழைப்பே பகை என்று எண்ணிவிடலாகாது. 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பயிற்சி வழக்கமில்லாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 107 மடங்காகிறது. வாரம் 5 நாட்களோ அதற்கு மேலோ பயிற்சி செய்பவருக்கு அது 2.4 மடங்குதான்.

அத்தாவின் பயணம் ஓராண்டு தள்ளிப்போனது. சிகிச்சைக்குப் பின், மருத்துவரின் அனுமதியோடு, பஜ்ர் தொழுகை முடிந்து இருவரும் நாள்தோறும் நடந்தார்கள். மறு ஆண்டு, இடையிடையே ஓய்வெடுத்து, ஸயீயைத் தம் கால்களாலேயே நிறைவேற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

சக்தி பெற்றோர் மீதே ஹஜ் கடமை. அந்தச் சக்தியில் உடல்நலமும் அடங்கும். ஆகவே சகோதர சகோதரிகளே, மார்பு வலியை மறைக்காதீர்கள். ஓய்விலும் அது நீடித்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். இதயம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?