எங்கள் வீட்டுப் பூனை



எலித் தொல்லைக்காக நான் வளர்க்கும் பூனை, தடவிக் கொடுப்பவரையே கடிக்கும் இயல்புடையது. “விரட்டிவிடுங்கள், ஐயா” என்றனர் அண்டை வீட்டார். நான் அதனைச் சில நாள் கூர்ந்து கவனித்தேன். கடிக்குமுன் அது வாலைச் சுழற்றி அடிக்கின்றது. காதுகளைப் பின்னே மடிக்கின்றது. ‘போதும், விடு’ என்பதே அதன் பொருள். அக்கணமே கையை எடுத்துவிட்டால் அது கடிப்பதில்லை. அடித்தாலோ, அச்சம் மிகுந்து மேலும் கடிக்கும். விரலைக் காட்டி விளையாடுவதினும் கயிற்றை இழுத்து விளையாடுவதே நன்று. சாதுவான பூனை திடீரெனச் சீறினால், அதற்கு வலியோ நோயோ இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நம் மாணவன் ஒருவன், ஏச்சுக்கு அஞ்சிப் பூனைக்கடியை இரண்டு நாள் மறைத்தான். கை வீங்கிய பின்னரே வீட்டாருக்குத் தெரிந்தது. பூனையின் பல் ஊசி போன்றது. கிருமியைச் சதையினுள் ஆழச் செலுத்தும். 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவிய வெறிநாய்க்கடி நோய், பூனைக்கடியாலும் வரக்கூடியது. ஆதலின், கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடுங்கள்.

மாணவர்களே, கடிபட்டால் மறைக்காதீர்கள். பெற்றோர்களே, முதலில் காயத்தைப் பாருங்கள். கண்டிப்பு பிறகு ஆகட்டும்.