கூண்டுப் பறவை பொய் சொல்லவில்லை

வேட்டைப் படம் என்றதும் குதிரை, நாய், ஈட்டி எல்லாம் நினைவுக்கு வரும். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியச் செப்புத்தகட்டு ஓவியங்களில் அவை நிறைய உண்டு. ஆனால் பறவை பிடிக்கும் படங்கள் வேறு மாதிரி. அவற்றில் யாரும் துரத்துவதில்லை. புதருக்குப் பின்னால், கையில் கயிற்றோடு, ஓர் ஆள் சும்மா காத்திருப்பான்.

இப்படிப் படங்களால் பெயர் பெற்றவர் யான் வான் டெர் ஸ்ட்ராட். 1523இல் புரூஜ் நகரில் பிறந்து, இத்தாலியின் புளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்துக்காக வேலை செய்தவர். கோசிமோ டி மெடிச்சியின் நாட்டுப்புற மாளிகைக்கான சுவர்த் திரைகளுக்கு 1567 முதல் வேட்டைக் காட்சிகள் வரைந்து கொடுத்தார். பிறகு ஆண்ட்வெர்ப் பதிப்பாளர் பிலிப்ஸ் காலே, அவருடைய வேட்டைப் படங்களைச் செம்பில் செதுக்க வைத்து, 1578இல் தொகுப்பாக அச்சிட்டார். அது பின்னர் 104 படங்களாக வளர்ந்தது. இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் அவற்றில் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பெரிதாக்கப் பெரிதாக்க ஒவ்வொரு கோடும் தெரியும். வேலை முடிந்த இரவுகளில் நான் அதைத்தான் செய்கிறேன்.

எனக்கு இவை ஓவியத்தை விட, ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் வரைபடம் போலவே படுகின்றன. அந்தக் கால ஐரோப்பியர் பறவை பிடித்த முறைகளைப் பாருங்கள். புல்லுருவிப் பழத்தைக் காய்ச்சிப் பசை செய்து குச்சியில் தடவுவார்கள். ஆந்தை ஒன்றைக் கட்டி வைப்பார்கள். பகலில் ஆந்தையைக் கண்டால் சின்னப் பறவைகள் ஒன்றுசேர்ந்து கத்தி விரட்டும். கூட்டத்தைக் காக்க வந்தவையே பசையில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு முறை, கூண்டுப் பறவையைப் பாட வைப்பது. இலையுதிர் காலத்தில்தான் வலசைப் பறவைகள் கூட்டமாக வரும். ஆனால் பறவைகள் பாடுவது வசந்தத்தில். அதனால் வசந்தத்திலும் கோடையிலும் கூண்டை இருட்டில் வைத்திருந்து, இலையுதிர் காலத்தில் வெளியே கொண்டுவருவார்கள். வெளிச்சத்தைக் கண்ட பறவை, வசந்தம் வந்துவிட்டது என்று பாடத் தொடங்கும். வானத்தில் போகிறவை அந்தக் குரலை நம்பி இறங்கும்.

அப்பாவுக்கு ஒரு படத்தைக் காட்டினேன். உடனே சொன்னார்: "உது எங்கட ஊரிலயும் இருந்ததுதானே. வளர்த்த கவுதாரியைக் கூட்டுக்குள்ள வைச்சால், காட்டுக் கவுதாரி தானா வரும்." சங்கத் தமிழிலேயே இதற்குச் சொல் இருக்கிறது. மற்ற விலங்குகளை ஈர்ப்பதற்காக வேட்டுவர் பழக்கிக் கட்டி வைக்கும் விலங்குக்கு 'பார்வை' என்று பெயர்.

அந்தக் கூண்டுப் பறவையைத் துரோகி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையிலேயே வசந்தம்தான். அதன் குரல் உண்மை. அதைச் சுற்றி வேறொருவர் வலை விரித்திருக்கிறார்.

கணினித் துறையில் இருக்கும் எனக்கு இது தெரிந்த கதை. முன்பின் தெரியாதவர் அனுப்பும் மோசடி இணைப்பை நாம் தொட மாட்டோம். அதையே மாமியோ சித்தப்பாவோ, "பிள்ளை, இதைப் பார்" என்று குடும்பக் குழுவில் போட்டால் தொட்டுவிடுவோம். அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. அன்போடுதான் அனுப்பினார்கள். மாமியிடம் கோபப்படாமல், அந்த இணைப்பு முதலில் எங்கிருந்து வந்தது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

ஐரோப்பியச் சமூகம் 1979இல் கொண்டுவந்த பறவைகள் சட்டம் பசை, வலை, கண் குருடாக்கிய அழைப்புப் பறவை போன்ற முறைகளைத் தடை செய்தது. ஆனாலும் விலக்குகள் இருந்தன. பிரான்ஸில் பசைக் குச்சி வேட்டை, ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2021இல்தான் சட்டவிரோதம் என்று முடிவானது. ஸ்ட்ராட் இறந்து நானூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தப் படங்களை நீங்களும் திறந்து பாருங்கள். முதலில் கூண்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வலை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.